11 நாள் வழி, 40 ஆண்டு நடை: வனாந்தரத்தில் யார் பாவம் யார் கணக்கில்?

ஓரேப் மலையிலிருந்து கானான் நாட்டின் எல்லையில் உள்ள காதேஸ்பர்னேயாவுக்கு, சேயீர் மலை வழியாக, 11 நாள் பயணம். பைபிளில் உபாகமம் என்ற நூலின் முதல் அதிகாரம் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே "நாற்பதாம் வருஷம்" என்று தொடங்குகிறது. ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விக்கு அந்த இடத்தில் விளக்கம் எதுவும் இல்லை. இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்ததே போதும் என்று எழுதியவர் நினைத்திருக்க வேண்டும்.

எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் மோசேயின் தலைமையில் வெளியேறுகிறார்கள். செங்கடலைக் கடந்து, சீனாய் மலையடிவாரத்தில் (ஓரேப் என்பதும் இதுவே) கடவுளோடு உடன்படிக்கை செய்துகொண்டு, வாக்களிக்கப்பட்ட கானான் நாட்டை நோக்கி நடக்கிறார்கள். இந்த நடையின் கதை யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்ற நான்கு நூல்களில் பரவிக் கிடக்கிறது. போருக்குப் போகத்தக்க, 20 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் மட்டுமே 6,03,550 பேர் என்று எண்ணாகமம் கணக்குச் சொல்கிறது. காதேஸ்பர்னேயா, சுருக்கமாகக் காதேஸ், என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அடையாளம் காட்டும் இடம் சீனாய் தீபகற்பத்தின் வடகிழக்கில் உள்ள ஒரு நீரூற்றுப் பகுதி. அங்கே அகழ்ந்தபோது பிற்கால அரசர்களின் காலத்துக் கோட்டைகள் கிடைத்தன. இவ்வளவு பெரிய மக்கள் கூட்டம் தங்கிய தடயம் கிடைக்கவில்லை. வரலாற்று விவாதத்தை அதோடு விட்டுவிடுகிறேன். இந்தக் கதை தனக்குள் எழுப்பும் ஒரு கேள்விதான் இங்கே நம் பொருள்.

ஒரு கூட்டமே தவறு செய்யும்போது, அதற்குள் நிற்கும் தனி ஆளின் பொறுப்பு என்ன?

"இஸ்ரவேலர் முறுமுறுத்தார்கள், கடவுள் தண்டித்தார்" என்று ஒரே வரியில் இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்லும் வழக்கம் உண்டு. அப்படிச் சொன்னால் மக்கள் ஒரு மந்தையாகவும் கடவுள் ஒரு கோபக்காரராகவும் தெரிவார்கள். மூல நூலைத் திறந்தால் வேறொன்று தெரிகிறது. கூட்டத்தை விவரித்துக்கொண்டே வரும் கதை, திடீரென்று நின்று ஒரு ஆளைத் தனியே பிரித்துப் பார்க்கிறது. அப்படிப் பிரிக்கும்போது இரண்டு கணக்குகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. குற்றம் யாருடையது என்பது ஒரு கணக்கு. அதன் விளைவை யார் அனுபவிக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. அப்பா வாங்கிய கடனுக்குப் பிள்ளை கடனாளி அல்ல. ஆனால் வட்டி கட்டும் வீட்டில் அவன் தட்டிலும் சோறு குறையும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் வனாந்தரக் கதையின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதியையும் பார்ப்போம்.

மன்னா என்ற பள்ளிக்கூடம்

கீழ்ப்படிதல் பெரிய போர்க்களத்தில் தொடங்கவில்லை. காலை உணவில் தொடங்குகிறது. யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில், வானத்திலிருந்து வரும் உணவான மன்னா பொழிகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஓமர் அளவு, அவரவர் கூடாரத்தில் உள்ளவர்களின் எண்ணிக்கைப்படி சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கலாம், ஏழாம் நாள் ஓய்வுநாள் என்பதால்.

சிலர் மிச்சம் வைத்தார்கள். அது புழுத்து நாறியது. சிலர் ஏழாம் நாளிலும் சேர்க்கப் போனார்கள். எதுவும் கிடைக்கவில்லை. மோசே கோபித்துக்கொண்டார், கடவுளும் கடிந்துகொண்டார். அதற்கு மேல் தண்டனை இல்லை. நாறிப்போன பாத்திரமே தண்டனை. பக்கத்துக் கூடாரத்துக்காரர் ஒழுங்காக இருந்ததால் இந்தக் கூடாரத்து மன்னா கெடாமல் இருக்கவில்லை. நாளைக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கையை ஒவ்வொரு வீடும் தானாகப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. மோசே எவ்வளவு பெரிய தலைவராக இருந்தாலும் இன்னொருவருக்காக நம்பிவிட முடியாது.

தானாக வெளிவந்த கன்றுக்குட்டி

சீனாய் மலையில் சட்டம் கேட்டபோது மக்கள் ஒரே குரலில், கர்த்தர் சொன்னதையெல்லாம் செய்வோம் என்றார்கள். ஒரே குரலில் சொல்வது எளிது. மோசே மலையிலிருந்து இறங்கத் தாமதித்ததும் அதே மக்கள் அவருடைய அண்ணன் ஆரோனைச் சூழ்ந்துகொண்டு தெய்வம் கேட்டார்கள். ஆரோன் பொன் காதணிகளை வாங்கி, கருவியால் வடிவமைத்து, கன்றுக்குட்டியை வார்த்தார் என்று யாத்திராகமம் 32 தெளிவாகச் சொல்கிறது.

மோசே வந்து விசாரிக்கும்போது ஆரோன் தரும் பதில் பைபிளிலேயே மிகக் கூச்சமற்ற சமாளிப்பு என்பேன். இந்த ஜனங்கள் பொல்லாதவர்கள் என்று உமக்கே தெரியும், பொன்னைக் கொடுத்தார்கள், அதை நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வெளிவந்தது. கருவி எங்கே போயிற்று, வார்த்த கை எங்கே போயிற்று? சில வசனங்களுக்கு முன்பு நாம் பார்த்ததை ஆரோன் நம் கண் முன்னாலேயே அழிக்கப் பார்க்கிறார். எழுதியவர் குறுக்கிட்டு எதுவும் சொல்வதில்லை. இரண்டு விவரங்களையும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

மோசே நேர் எதிராக நடந்துகொள்கிறார். தாம் செய்யாத பாவத்துக்காகத் தம் பெயரைக் கடவுளின் புத்தகத்திலிருந்து கிறுக்கிப்போடச் சொல்கிறார். கடவுள் அதை ஏற்கவில்லை. எனக்கு விரோதமாகப் பாவம் செய்தவன் எவனோ அவன் பெயரைத்தான் நீக்குவேன் என்கிறார். ஆரோன் தம் பொறுப்பை அடுத்தவர் தலையில் தள்ளப் பார்த்தார். மோசே அடுத்தவர் பொறுப்பைத் தம் தலையில் ஏற்கப் பார்த்தார். இரண்டாவது முயற்சி எவ்வளவு உன்னதமானதாக இருந்தாலும் கணக்கு மாற்றப்படவில்லை.

காதேஸில் ஒரு இரவு

இந்தப் பொருளைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கதையைத்தான் படிக்க முடியும் என்றால் எண்ணாகமம் 13, 14ஆம் அதிகாரங்களைப் படியுங்கள்.

கானானை உளவு பார்க்க கோத்திரத்துக்கு ஒருவராக 12 பேர் போகிறார்கள். 40 நாள் சுற்றிவிட்டு, இரண்டு பேர் தடியில் கட்டிச் சுமக்கும் அளவுக்குப் பெரிய திராட்சைக் குலையோடு திரும்புகிறார்கள். நாடு நல்ல நாடு என்பதில் 12 பேருக்கும் ஒரே கருத்து. ஆனால் அங்கே ஏனாக்கின் புத்திரரான இராட்சதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முன்னால் நாங்கள் வெட்டுக்கிளிகளைப் போல் எங்கள் பார்வைக்கே தெரிந்தோம் என்று பத்துப் பேர் சொல்கிறார்கள். காலேபும் யோசுவாவும் மட்டும், போகலாம், முடியும் என்கிறார்கள்.

அன்றிரவு முழுவதும் முகாமே அழுகிறது. இந்த வனாந்தரத்திலேயே செத்திருந்தால் நலமாயிருக்குமே என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் கொள்ளையாகப் போய்விடுவார்களே என்கிறார்கள். வேறொரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்கே திரும்பலாம் என்ற பேச்சு எழுகிறது. மறுத்துப் பேசிய இருவரையும் கல்லெறிந்து கொல்லப் பார்க்கிறார்கள்.

மோசே மன்றாடுகிறார். உன் வார்த்தையின்படியே மன்னித்தேன் என்கிறார் கடவுள். அதே மூச்சில் தீர்ப்பும் வருகிறது: எகிப்திலிருந்து வந்தவர்களில் 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இந்த நாட்டைக் காணமாட்டார்கள். உளவு பார்த்த 40 நாளுக்கு, நாள் ஒன்றுக்கு ஓர் ஆண்டாக 40 ஆண்டு. முதல் முறை படிப்பவர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு. மன்னித்தாயிற்று என்றால் தண்டனை ஏன்? மேலே சொன்ன இரட்டைக் கணக்கு இங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது. மன்னிப்பினால் உறவு முறியாமல் நின்றது. மன்னா தொடர்ந்து பொழிந்தது, மேகம் தொடர்ந்து வழிகாட்டியது. நடந்த காரியத்தின் விளைவை அந்த மன்னிப்பு துடைத்துவிடவில்லை.

தீர்ப்பின் நுணுக்கத்தைக் கவனியுங்கள். வனாந்தரத்தில் சாக வேண்டும் என்று அவர்கள் வாயால் கேட்டார்கள்; கேட்டதுதான் கிடைத்தது. கொள்ளையாகிவிடுவார்கள் என்று யாரைச் சாக்காகக் காட்டினார்களோ, அந்தப் பிள்ளைகள்தான் நாட்டுக்குள் போகப்போகிறவர்கள். பெற்றோரின் குற்றம் பிள்ளைகள்மேல் எழுதப்படவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளும் 40 ஆண்டு வனாந்தரத்தில் திரிந்துதான் ஆக வேண்டும் என்று அதே அதிகாரம் சொல்கிறது.

காலேபை நினைத்துப் பாருங்கள். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவருக்கு நாடு நிச்சயம் என்று பெயர் சொல்லி உறுதி தரப்பட்டது. ஆனாலும் மற்றவர்களின் பிழைக்காக அவரும் அதே மணலில் அத்தனை ஆண்டும் நடந்தார். உளவு பார்க்கப் போனபோது அவருக்கு வயது 40. மோசேக்குப் பின் தலைவரான யோசுவாவிடம் வந்து எனக்குரிய பங்கைத் தாரும் என்று கேட்டபோது வயது 85. கேட்டது எப்ரோன் மலைநாட்டை. மற்றவர்களை நடுங்கவைத்த அதே ஏனாக்கியர் இருந்த இடம்!

தீர்ப்பு வந்த மறுநாள் விடியற்காலையில் மக்களுக்குத் திடீரென்று ஞானம் பிறக்கிறது. பாவம் செய்தோம், இதோ போகிறோம் என்று மலையேறத் தயாராகிறார்கள். போகாதீர்கள் என்று மோசே தடுக்கிறார். கேட்கவில்லை. கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியும் மோசேயும் முகாமை விட்டு நகராதபோதே ஏறிப் போய், அமலேக்கியரிடமும் கானானியரிடமும் அடிபட்டு ஓர்மா என்ற இடம்வரை துரத்தப்பட்டார்கள். நேற்று போகச் சொன்னபோது போகாததும் இன்று போகாதே என்றபோது போனதும் ஒரே பிழைதான். இரண்டு முறையும் அவர்கள் தங்கள் மனநிலையைத்தான் பின்பற்றினார்கள். செயலைப் பார்த்து மட்டும் கீழ்ப்படிதலை அளந்தால் இரண்டாவது நாளைத் துணிச்சல் என்று பாராட்ட வேண்டியிருக்கும்.

கணக்கு சிக்கலாகும் இடங்கள்

எல்லாக் குற்றமும் ஒன்றல்ல. இந்தத் தோல்விக்கு அடுத்து வரும் 15ஆம் அதிகாரம், அறியாமல் செய்த பிழையையும் துணிந்து செய்த பாவத்தையும் பிரிக்கிறது; முன்னதற்குப் பலி உண்டு, பாவநிவிர்த்தி உண்டு, பின்னதற்கு அது இல்லை. பிணத்தைத் தொட்டதால் தீட்டுப்பட்டு, எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையை உரிய நாளில் ஆசரிக்க முடியாமல் போன சிலர் மோசேயிடம் முறையிட்டபோது, ஒரு மாதம் கழித்து ஆசரிக்க அவர்களுக்கு வழி ஏற்பட்டது (எண்ணாகமம் 9). முடியாமல் தவறியவரையும் வேண்டுமென்றே தவறியவரையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கவில்லை.

மோசேயின் அக்கா மிரியாமின் சம்பவம் சிறியது, ஆனால் எனக்குப் பிடித்தது. மோசேக்கு எதிராகப் பேசியதால் அவருக்குக் குஷ்டம் பிடிக்கிறது. அவரைக் குணமாக்கும்படி மோசே மன்றாடியபின்னும் ஏழு நாள் முகாமுக்கு வெளியே இருக்க வேண்டும். அந்த ஏழு நாளும் மொத்த மக்களும் பயணத்தை நிறுத்திக் காத்திருந்தார்கள். அவருடைய குற்றத்தில் அந்த மக்களுக்குப் பங்கில்லை, காத்திருப்பு எல்லாருக்கும்.

கோராகின் கலகம் இவ்வளவு எளிதாக அடங்காது. கோராகு, தாத்தான், அபிராம் மூவரும் 250 தலைவர்களோடு மோசேயை எதிர்க்கிறார்கள். அப்போது மோசேயும் ஆரோனும் முகங்குப்புற விழுந்து கேட்கும் கேள்வி, நம் தலைப்பின் கேள்வியேதான்: ஒரு மனிதன் பாவம் செய்ய, சபை முழுவதன்மேலும் கோபம் கொள்வீரோ? பதிலாக, அந்த மூவரின் கூடாரங்களை விட்டு விலகச் சபைக்குக் கட்டளை வருகிறது. விலகியவர்கள் பிழைக்கிறார்கள். கூட்டத்தில் இருந்தாலும் காலை எடுத்து நகர ஒருவரால் முடியும் என்பதைக் கதை இங்கே காட்டுகிறது. ஆனால் தாத்தான், அபிராமின் வீட்டு வாசலில் அவர்கள் மனைவிகளும் குழந்தைகளும் நின்றார்கள், பூமி வாய் திறந்து வீட்டாரையும் விழுங்கியது என்று இதைச் சொல்லும் அதே எண்ணாகமம் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. குழந்தைகளால் எப்படி நகர்ந்திருக்க முடியும்? குற்றம் வேறு, விளைவு வேறு என்ற விளக்கம் இந்த இடத்தில் மனதை ஆற்றுவதில்லை, ஆற்றும் என்று நடிக்கவும் நான் விரும்பவில்லை. பத்து அதிகாரம் தள்ளி, மக்கள்தொகைக் கணக்கின் நடுவே ஒரு வரி மட்டும் வருகிறது: கோராகின் குமாரரோ சாகவில்லை. சங்கீதங்கள் 42, 84 போன்றவற்றின் தலைப்பில் "கோராகின் புத்திரர்" என்று காண்பது அந்தக் குடும்ப வழியினரைத்தான்.

தந்தையின் பெயரைச் சுமப்பது பற்றி இன்னொரு காட்சி 27ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. செலொப்பியாத்துக்கு ஆண் பிள்ளை இல்லை. அவருடைய ஐந்து மகள்கள், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், சபை முழுவதும் பார்க்க மோசேக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். எங்கள் அப்பா கோராகின் கூட்டத்தில் சேரவில்லை, தம் சொந்தப் பாவத்தினால்தான் இறந்தார், அவருக்கு மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் ஏன் அழிய வேண்டும் என்று வழக்காடுகிறார்கள். கூட்டத்தின் குற்றத்திலிருந்து ஒரு மனிதரைப் பிரித்துக் காட்டும் வாதத்தை அவர்களே கட்டியெழுப்புகிறார்கள். அவர்கள் கேட்பது சரி என்று தீர்ப்பாகி, மகள்களுக்கு வாரிசுரிமை சட்டமாகிறது.

அந்தச் "சொந்தப் பாவம்" எது என்று யூத அறிஞர்கள் பிற்காலத்தில் விவாதித்தார்கள். ஓய்வுநாளில் விறகு பொறுக்கித் தண்டனை பெற்ற, பெயர் சொல்லப்படாத மனிதர் செலொப்பியாத்தான் என்றார் ரபி (யூத மத ஆசிரியர்) அகிபா. ரபி யூதா பென் பத்தீரா அவரை மடக்கினார். நீர் சொல்வது சரியோ தவறோ, இரண்டுக்கும் நீர் கணக்குக் கொடுக்க வேண்டும். சரியென்றால் தோரா (மோசேயின் நூல்கள்) மறைத்த மனிதரை நீர் வெளிப்படுத்திவிட்டீர், தவறென்றால் நல்ல மனிதர்மேல் அவதூறு சொல்லிவிட்டீர். பொறுப்பைப் பற்றிய பாடத்தை விளக்கவுரை எழுதுபவருக்கும் பொருத்திவிட்டார்!

மோசேயும் தப்பவில்லை

மேரிபா என்ற இடத்தில் தண்ணீர் இல்லை. மக்கள் வாக்குவாதம் செய்கிறார்கள். கன்மலையைப் பார்த்துப் பேசு என்பது கட்டளை. மோசே கோலால் இரண்டு முறை அடிக்கிறார், உங்களுக்கு நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ என்று சீறுகிறார். தண்ணீர் ஏராளமாக வருகிறது, மக்களும் மிருகங்களும் குடிக்கிறார்கள். தலைவரின் பிழைக்காக மக்களின் தாகம் தண்டிக்கப்படவில்லை. ஆனால் மோசேயும் ஆரோனும் நாட்டுக்குள் போக மாட்டார்கள் என்று அங்கேயே முடிவாகிறது. அடித்ததுதான் பிழையா, சீறியதா, "நாங்கள்" என்று சொன்னதா என்று உரையாசிரியர்கள் இன்றும் பிரிந்து நிற்கிறார்கள்; அந்த இடத்தில் நூல் தரும் காரணம், மக்கள் கண்முன் என்னைப் பரிசுத்தம்பண்ணும்படி நீங்கள் என்னை விசுவாசிக்கவில்லை என்பது.

உபாகமத்தில் மோசே இதைத் தம் வாயால் சொல்லும்போது, உங்கள் நிமித்தம் கர்த்தர் என்மேல் கோபங்கொண்டார் என்று மூன்று முறை சொல்கிறார். ஆரோனின் கன்றுக்குட்டி நினைவுக்கு வருகிறதல்லவா? ஆனால் அதே உபாகமத்தின் 32ஆம் அதிகாரத்தில் கடவுள், நீங்கள்தான் எனக்கு எதிராக நடந்தீர்கள் என்று மோசேயிடமும் ஆரோன் பெயரைச் சேர்த்தும் சொல்கிறார். 106ஆம் சங்கீதம் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது: மக்கள் மோசேயின் ஆவியைக் கசப்பாக்கினார்கள், அவரும் பதறிப் பேசிவிட்டார். தூண்டியவர்களுக்கு ஒரு பங்கு, பேசியவருக்கு ஒரு பங்கு.

நான்கு தலைமுறையா, அவரவர் பாவமா?

புதிதாகப் படிப்பவர் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. பத்துக் கட்டளையில், பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிப்பதாக வருகிறது. உபாகமம் 24:16இல், பிள்ளைகளுக்காகப் பிதாக்களும் பிதாக்களுக்காகப் பிள்ளைகளும் கொல்லப்படக் கூடாது, அவனவன் பாவத்துக்காக அவனவன் சாக வேண்டும் என்று வருகிறது. முரண்பாடு போல் தெரிவதை யூத, கிறிஸ்தவ மரபுகள் பல விதமாக இணைத்துப் பார்த்திருக்கின்றன. எனக்குப் பொருத்தமாகப் படுவது இது: முன்னது தலைமுறைகளுக்குள் ஒரு தவறு எப்படி ஓடுகிறது என்று சொல்கிறது, பின்னது மனிதர் நடத்தும் நீதிமன்றத்தின் கையைக் கட்டுகிறது. யூதாவின் அரசர் அமத்சியா, தம் தந்தையைக் கொன்ற ஊழியர்களைக் கொன்றபோது, இந்தச் சட்டத்தை மதித்து அவர்களின் பிள்ளைகளை விட்டுவிட்டார் என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் பதிவு செய்கிறது. அந்தக் காலத்து அரசருக்கு அது சாதாரணக் கட்டுப்பாடு அல்ல.

பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்கள், பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசின என்று பழமொழி பேசியபோது, எசேக்கியேல் தீர்க்கதரிசி அதை மறுத்துத் தம் நூலின் 18ஆம் அதிகாரம் முழுவதையும் செலவிட்டார். இரண்டு அதிகாரம் தள்ளி வனாந்தரக் கதையை அவரே திரும்பச் சொல்கிறார். அங்கே கடவுள் இரண்டாம் தலைமுறையிடம், உங்கள் பிதாக்களின் வழியில் நடக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்.

படிக்கத் தொடங்குபவருக்கு ஒரு யோசனை. எண்ணாகமத்தை முதல் அதிகாரத்திலிருந்து பிடித்தால் கணக்கெடுப்பிலேயே சோர்ந்துவிடுவீர்கள். 13, 14ஐ முதலில் படியுங்கள். பிறகு யாத்திராகமம் 16, 32. அதன்பின் எண்ணாகமம் 16, 20, 27. கடைசியாக உபாகமம் முதல் அதிகாரம். உளவாளிகளை அனுப்பச் சொன்னது யார் என்பதில் எண்ணாகமம் 13உம் உபாகமம் 1உம் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கத்தோலிக்க வீடுகளில் உள்ள பொது மொழிபெயர்ப்பில் இந்த நூல்கள் விடுதலைப் பயணம், எண்ணிக்கை, இணைச் சட்டம் என்ற பெயர்களில் இருக்கும். அதிகார எண்கள் இங்கே சொன்னவையே.